நாற்றத்துக்கும் ஓர் அளவுகோல் வேண்டும்



கிளைக் கூட்டங்களில் நாம் பேசும் விஷயங்களுக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் சம்பளம். அடுத்து மழை நாள் வேலை. அதன் பிறகு வீடு, தண்ணீர், மருந்து, பிள்ளைகளின் பள்ளிக்கூட வண்டி. எல்லாம் பேசி முடிந்து, நாற்காலியை மடக்குகிற நேரத்தில்தான் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து, "அந்தப் பண்ணை நாத்தத்துக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா ஐயா?" என்று கேட்பார். நாலு பேர் சிரிப்பார்கள். "இதர விஷயங்கள்" என்ற தலைப்பில் ஒரு வரி எழுதப்படும். கூட்டம் கலைந்துவிடும்.

அந்த ஒரு வரியை நாம் முன்வரிசைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். குடியிருக்கும் வீட்டில் சன்னலைத் திறக்க முடியவில்லை என்றால் அது வீட்டுப் பிரச்சினை அல்லவா? சோற்றுத் தட்டில் ஈ மொய்க்கிறது என்றால் அது சுகாதாரப் பிரச்சினை அல்லவா? பண்ணைக் கொட்டகையில் வேலை செய்கிறவன் கண்ணெரிச்சலோடும் இருமலோடும் வீடு திரும்புகிறான் என்றால் அது தொழிற்சங்கப் பிரச்சினை அல்லவா? சங்கம் இதைப் பேசாவிட்டால் வேறு யார் பேசுவார்கள்?

தோட்டம் எங்கே இருக்கிறதோ அந்தப் பக்கமாகவே பண்ணையும் வருகிறது. காரணம் தெளிவானது. பட்டணத்து ஓரத்தில் பத்தாயிரம் கோழி வளர்த்தால் மறுநாளே முறையீடு போகும். தோட்டத்து ஓரத்தில் நிலம் அகலமாகக் கிடக்கிறது. சடக்கில் போக்குவரவு குறைவு. அக்கம்பக்கத்தில் இருப்பது ஒரு லயமும் ஒரு கம்பமும். அங்கே இருப்பவர்கள் எழுத மாட்டார்கள், எழுதினாலும் தொடர்ந்து எழுத மாட்டார்கள் என்ற துணிவு பண்ணை முதலாளிக்கு இருக்கிறது. அந்தத் துணிவை நம் மௌனம்தான் வளர்த்தது.

கணக்கை முதலில் பார்ப்போம். முட்டைக் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கிராம் எச்சமிடும். ஒரு கோழிக்கு 100 கிராம் என்றால் சிரிப்பாக இருக்கலாம். 1 லட்சம் கோழிகளுள்ள பண்ணைக்கு அதே கணக்கைப் போட்டுப் பாருங்கள்: 10,000 கிலோ, அதாவது தினந்தோறும் 10 டன். ஞாயிற்றுக்கிழமையும் உண்டு, தீபாவளியும் உண்டு, பெருநாளும் உண்டு. இந்தப் பத்து டன் எங்கே குவிகிறது, எத்தனை நாள் கிடக்கிறது, மழை பட்டதா, மூடி வைத்தார்களா என்பதைப் பொறுத்தே நம் லயத்துக்கு வரும் காற்று இருக்கிறது.

அமோனியாவைப் பற்றி வெட்டுத் தொழிலாளருக்கு நான் பாடம் சொல்ல வேண்டியதில்லை. பால் வாளியில் உறைந்து போகாமலிருக்கச் சொட்டுச் சொட்டாக விடுகிறோமே, அதுதான். ஸ்டோரில் டின்னின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஊசி குத்தியதுபோல் இருக்கும். கண்ணில் நீர் வரும். கோழி எச்சத்திலும் மாடு, பன்றி ஆகியவற்றின் சிறுநீரிலும் இருக்கும் சத்துக்களைக் கிருமிகள் சிதைக்கும்போது பிறப்பதும் இதே அமோனியாதான். எச்சம் உலர்ந்திருந்தால் அது குறைவாகக் கிளம்பும். ஈரமாக இருந்தால் மிகுதியாகக் கிளம்பும். மழைக்குப் பிறகு பண்ணை வாடை ஏன் இரண்டு பங்காகிறது என்பதற்கு விடை இதுதான்.

குட்டையிலும் தொட்டியிலும் காற்றுப் படாமல் அழுகும் கழிவிலிருந்து வேறொரு வாயு வருகிறது. ஹைட்ரஜன் சல்பைடு என்பது அதன் பெயர். அழுகிய முட்டை வாடை. இதில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு மூடிய தொட்டியில் அது அடர்ந்துவிட்டால் மூக்கு மரத்துப்போகும். வாடை போய்விட்டது என்று நம்பி உள்ளே இறங்குகிறவன் மயங்கி விழுவான். அவனைத் தூக்க இறங்குகிற இரண்டாவது ஆளும் விழுவான். உலகெங்கும் சாணத் தொட்டிகளில் இப்படி இரண்டு பேர், மூன்று பேர் என்று சேர்ந்து மாண்டிருக்கிறார்கள். அதே குட்டையிலிருந்து வாடையே இல்லாத மீத்தேன் வாயுவும் கிளம்புகிறது. பூமியைச் சூடாக்குவதில் அது கரியமில வாயுவைவிட, நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை ஏறத்தாழ 28 மடங்கு வலிமை உள்ளது. காற்றில் கலந்த அமோனியாவோ, வண்டிகளும் ஆலைகளும் கக்கும் அமில வாயுக்களோடு சேர்ந்து, நெஞ்சுக்குள் ஆழப் போகும் நுண்தூசியாக மாறுகிறது.

ஆகவே, "வெறும் வாடைதானே, பழகிவிடும்" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். பழகிப் போவது மூக்கு மட்டும். நெஞ்சு பழகுவதில்லை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

நம் நாட்டில் 1974-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் இருக்கிறது. 2024-இல் அதைத் திருத்தி, சில குற்றங்களுக்கான உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளி வரை உயர்த்தினார்கள். வரவேற்கிறோம். தூய காற்று விதிகள் 2014-இல் புதிதாக வந்தன. அதையும் வரவேற்கிறோம். ஆனால் அந்த விதிகளைப் படித்துப் பார்க்கிறவருக்கு, அவை பெரும்பாலும் உலையையும் புகைபோக்கியையும் ஆலையையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பது புரியும். கோழிக் கொட்டகைக்குப் புகைபோக்கி கிடையாது. எருக்குவியலுக்கு உலை கிடையாது. அதன் வாயு நாலு பக்கத்திலும் கசிகிறது.

மறுபக்கம், அரசியல் சாசனத்தின் ஒன்பதாவது அட்டவணையைப் பாருங்கள். கால்நடை வளர்ப்பு, மத்திய அரசாங்கத்துக்கும் மாநிலத்துக்கும் பொதுவான பட்டியலில் இருக்கிறது. நிலமும் விவசாயமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. ஊராட்சி மன்ற எல்லைக்குள் வரும் பொதுத் தொல்லைகளும் மாநிலப் பட்டியலில்தான். ஆகவே மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபடுகிறது. பன்றி வளர்ப்பைக் கட்டுப்படுத்தச் சிலாங்கூர் 1991-இல் சட்டம் செய்தது. பினாங்கு 2016-இல் செய்தது. ஓர் ஆறுதான் இரு மாநிலங்களுக்கு எல்லை என்றால், இக்கரையில் ஒரு விதி, அக்கரையில் ஒரு விதி. காற்றுக்கு அந்த எல்லை தெரியுமா?

இதனால் நேர்வது என்ன? நான் செக்ரோல் எழுதும் தோட்டத்தின் எல்லையில் ஒரு கோழிப்பண்ணை இருக்கிறது. எங்கள் கிளையின் சார்பில் ஓர் அலுவலகத்துக்கு எழுதினோம். "இது லைசென்ஸ் விஷயம், கால்நடைக்காரர்களைக் கேளுங்கள்" என்று பதில் வந்தது. இரண்டாவது அலுவலகத்துக்கு எழுதினோம். "நோய் ஏதும் இல்லை, வாடை என்பது ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு" என்றார்கள். மூன்றாவது அலுவலகத்துக்கு எழுதினோம். "நாங்கள் வந்த நாளில் வாடை இல்லை" என்றார்கள். எப்படி இருக்கும்? அவர்கள் வந்தது வெயில் காய்ந்த பகல் பதினொரு மணிக்கு. வாடை இறங்குவது காற்று அசையாத பின்னிரவிலும், பிரட்டுக்குப் போகும் விடியற்காலையிலும். அந்த அதிகாரிகள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் கையில் அளவுகோல் இல்லை. அளவு இல்லாத குற்றத்தை எந்த அதிகாரி நிரூபிப்பார்?

இதில் ஒரு வேடிக்கையும் இருக்கிறது. கொட்டகைக்கு உள்ளே வேலை செய்கிறவனுக்குச் சட்டத்தில் ஓர் அளவு உண்டு! தொழிலிடத்தில் உடல்நலத்துக்குக் கேடான ரசாயனப் பொருள்கள் பற்றிய 2000-ஆம் ஆண்டு விதிகளின்படி, எட்டு மணி நேர வேலையில் சராசரியாகக் காற்றின் பத்து லட்சம் பங்கில் அமோனியா 25 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு 10 பங்குக்கு மேல் கூடாது. எட்டு மணி நேரம் வேலை செய்து, சம்பளம் வாங்கி, வெளியே போகிற வாலிபனுக்கு அந்த அளவு. வேலிக்கு இந்தப் பக்கம் இருபத்து நாலு மணி நேரமும் அதே காற்றை மூச்சிழுக்கும் ஆயாக் கொட்டகைக் குழந்தைக்கு என்ன அளவு? பண்ணை வாடையைப் பொறுத்தவரை வேலிக்கு வெளியே ஓர் எண்ணும் எழுதப்படவில்லை.

எண் எழுத முடியாது என்று யாரும் நமக்குச் சொல்ல வேண்டாம். நம் தொழிலிலேயே எழுதிக் காட்டியிருக்கிறார்கள்.

செம்பனை ஆலைகளின் கழிவு நீர் ஒரு காலத்தில் ஆறுகளைக் கறுப்பாக்கியது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். அந்தக் கழிவு, அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராண வாயுவை எவ்வளவு உறிஞ்சும் என்பதை வைத்து அதன் கேட்டை அளப்பார்கள். சுத்திகரிக்காத செம்பனைக் கழிவில் இது லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1977-இல் அரசாங்கம் செம்பனை ஆலைகளுக்கான விதிகளைக் கொண்டுவந்தது. எல்லாவற்றையும் நாளைக்கே நிறுத்து என்று சொல்லவில்லை. 1978-இல் 5,000, 1979-இல் 2,000, 1980-இல் 1,000 என்று படிப்படியாக இறக்கி, 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வோர் ஆலைக்கும் வருடாந்தர லைசென்ஸ் வைத்தார்கள். எவ்வளவு கேட்டை வெளியே விடுகிறாயோ அதற்குத் தக்கபடி கட்டணம் கட்டு என்றார்கள். ரப்பர் ஆலைகளுக்கும் 1978-இல் இதே போன்ற விதிகள் வந்தன. செம்பனை உற்பத்தி அந்த ஆண்டுகளில் குறைந்ததா? கூடியது. ஆற்றில் விழுந்த கேடு குறைந்தது. இன்றும் விதியை மீறும் ஆலைகள் இருக்கின்றன என்பது உண்மைதான். ஆனால் மீறினால் "இதோ எண், இதோ நீ விட்ட அளவு" என்று காட்டி வழக்குப் போட முடிகிறது.

அந்த வெற்றியிலும் ஓர் ஓட்டை இருந்ததை நாம் மறைக்கக் கூடாது. ஆற்றைக் காப்பதற்காக ஆலைகள் பெரிய பெரிய குட்டைகளை வெட்டின. கழிவு அந்தக் குட்டைகளில் கிடந்து அழுகி, தெளிந்து வெளியேறியது. தண்ணீர் தப்பியது, வாயு மேலே போனது. ஆலைக் குட்டைக்குப் பக்கத்தில் குடியிருக்கிறவர்களைக் கேட்டால் அந்த வாடையைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். 2014 முதல், புதிய செம்பனை ஆலைகள் அந்த வாயுவைப் பிடித்து வைக்கும் வசதியோடு வர வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. முதல் விதிக்கும் இந்த நிபந்தனைக்கும் இடையே முப்பத்தேழு ஆண்டுகள்! கால்நடைப் பண்ணை விஷயத்தில் அதே தவறு வேண்டாம். தண்ணீரைக் காக்கும் விதியையும் காற்றைக் காக்கும் விதியையும் ஒன்றாகவே எழுத வேண்டும். கழிவை ஆற்றில் விடாதே என்று மட்டும் சொன்னால், பண்ணைக்காரன் அதைத் திறந்த குட்டையில் விடுவான். ஆறு நன்றி சொல்லும். லயம் மூக்கைப் பிடிக்கும்.

பிற நாடுகள் என்ன செய்தன?

ஜப்பான் 1971-இலேயே துர்நாற்றத்துக்கென்று தனிச் சட்டம் செய்தது. இன்று அதன் பட்டியலில் 22 பொருள்கள் இருக்கின்றன. பண்ணை வேலியோரத்தில் அமோனியா எவ்வளவு இருக்கலாம் என்பதைப் பத்து லட்சத்தில் 1 பங்கு முதல் 5 பங்கு வரை என்ற எல்லைக்குள் வட்டார நிர்வாகம் நிர்ணயிக்கிறது. நம் நாட்டில் கொட்டகைக்கு உள்ளே தொழிலாளிக்கு வைத்த 25 என்ற அளவோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். கருவி கண்டுபிடிக்காத கலப்பு வாடைக்கு, பயிற்சி பெற்ற மனிதர்களின் மூக்கையே அளவுகோலாக வைத்துச் சோதிக்கும் முறையையும் அந்நாடு சட்டத்தில் சேர்த்திருக்கிறது.

ஹாலந்து நாடு சின்ன நாடு; கால்நடையோ மிக அதிகம். சாணத் தொட்டிகளை மூடு, வயலில் எருவை மேலே தெளிக்காதே, மண்ணுக்குள் செலுத்து என்று 1990-களில் கட்டாயப்படுத்தினார்கள். 1990-க்குப் பிறகு அங்கே அமோனியா பாதிக்கு மேல் குறைந்தது. ஆனால் பண்ணைகளின் எண்ணிக்கையையும் பெருக்கத்தையும் உரிய காலத்தில் கட்டுப்படுத்தவில்லை. 2019-இல் அந்நாட்டு உயர் மன்றம், அனுமதி கொடுத்து வந்த முறையே செல்லாது என்று தீர்ப்பளித்தது. விவசாயிகள் டிராக்டர்களோடு சாலைக்கு வந்தார்கள். காலத்தில் செய்யாத காரியத்தைக் கடைசியில் கத்தியால் செய்ய வேண்டி வந்தது. அப்போது அடி விழுவது சின்ன விவசாயி மேல்தான்.

பக்கத்தில் சிங்கப்பூர் வேறு வழியைப் பிடித்தது. 1984-இல் பன்றி வளர்ப்பை நிறுத்தப் போவதாக அறிவித்து, அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் பொங்கோல் வட்டாரப் பண்ணைகளை ஏறத்தாழ முற்றிலும் அகற்றியது. ஆனால் பன்றி இறைச்சி உண்பதை நிறுத்தவில்லை. இந்தோனேசியாவின் பூலான் தீவு போன்ற இடங்களிலிருந்து வாங்கியது. பணக்கார நகரம் அப்படிச் செய்துகொள்ளலாம். நம் நாட்டில் பண்ணையை ஒரு மாவட்டத்திலிருந்து விரட்டினால் அது இன்னொரு மாவட்டத்தில், இன்னொரு லயத்துக்குப் பக்கத்தில்தான் போய் உட்காரும். "எங்கள் ஊரில் வேண்டாம்" என்று மட்டும் கேட்கிற சங்கம் தன் தோழனின் வீட்டுக்கு நாற்றத்தை அனுப்பி வைக்கிறது. ஆகவே நாம் கேட்பது விரட்டும் சட்டம் அல்ல. எங்கே இருந்தாலும் சுத்தமாக நடத்து என்று கட்டாயப்படுத்தும் சட்டம்.

இதற்கு மூன்று ஆட்சேபங்கள் வரும். அவற்றுக்கு இப்போதே விடை சொல்லி வைப்போம்.

முதலாவது: "செலவு கூடும், கோழி விலையும் முட்டை விலையும் ஏறும், அப்போது கஷ்டப்படுவது தொழிலாளிதான்." நியாயமான கவலை. கோழியும் முட்டையும் நம் வீட்டில் அடிக்கடி சமைக்கும் சாமான்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். 2022 முதல் அரசாங்கம் கோழிக்கும் முட்டைக்கும் உதவித்தொகை கொடுத்தது. கோழிக்கு 2023 நவம்பரிலும், முட்டைக்கு 2025 ஆகஸ்டிலும் அது நின்றது. அத்தனை பொதுப்பணம் கைமாறியபோது, "எருக்கொட்டகைக்குக் கூரை போடு" என்ற நிபந்தனையை அதோடு சேர்த்திருக்கலாமே? இனி எந்த உதவி, எந்தக் கடன், எந்த வரிச்சலுகை கொடுத்தாலும் அந்த நிபந்தனை சேரட்டும். அன்றியும், கழிவு என்பது முழுச் செலவும் அல்ல. உலர்த்தினால் எரு, மூடிய தொட்டியில் வாயுவைப் பிடித்தால் எரிபொருள், மரத்தூளோடும் செம்பனை வெறுங்குலையோடும் சேர்த்து மக்க வைத்தால் விலைபோகும் உரம். இன்று மலிவாகத் தெரியும் முட்டையின் மீதி விலையை நம் பிள்ளைகளின் மூச்சால் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

இரண்டாவது: "இது இனப் பிரச்சினையாகிவிடும்." பன்றிப் பண்ணை என்றதும் சிலர் குரலை உயர்த்துவார்கள்; சிலர் வாயை மூடிக்கொள்வார்கள். நாம் இரண்டும் செய்ய வேண்டியதில்லை. அமோனியா எந்த விலங்கிலிருந்து வந்தாலும் அமோனியாதான். கோழிப்பண்ணைக்கும் மாட்டுப்பண்ணைக்கும் பன்றிப்பண்ணைக்கும் ஒரே வகை விதி வேண்டும் என்று நாம் கேட்டால், அங்கே இனத்துக்கு இடமேது? கம்பத்து மலாய்க்காரரும் புதுக்கிராமத்துச் சீனரும் லயத்துத் தமிழரும் ஒரே காற்றைத்தான் இழுக்கிறார்கள். ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். இங்கே கூத்தாடி யார் என்பது உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது: "உங்கள் ஆட்களும் மாடு வளர்க்கிறார்களே!" ஆமாம், வளர்க்கிறோம். தலைமுறை தலைமுறையாகப் பால் மாடும் ஆடும் நம் குடும்பங்களின் சேமிப்புப் பெட்டியாக இருந்து வந்திருக்கின்றன. இரண்டு மாட்டுச் சாணம் மறுநாளே தோட்டக்காலில் எருவாகிவிடும். அதையும் ஒரு லட்சம் கோழிகளையும் ஒரே தராசில் வைக்க முடியாது. ஆனால் நடப்பது என்ன? பொதுத் தொல்லை என்ற சட்டம் கையில் இருக்கும்போது, வேலியில்லாத கிழவியின் பசுவைப் பிடித்துக் கட்டுவது சுலபம். கதவும் காவலாளியும் உள்ள பண்ணைக்குள் நுழைவது கடினம். ஆகவேதான் சட்டம் பெரிய பண்ணையிலிருந்து தொடங்க வேண்டும் என்கிறோம். அதே வேளையில், லயத்துப் பக்கம் மாட்டுக் கொட்டகை வைத்திருக்கும் தோழர்கள் சாணத்தைத் தினமும் அள்ளி, கால்வாயைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும். நம் பக்கம் சுத்தமாக இருந்தால்தான் நம் குரலுக்கு எடை இருக்கும்.

கொட்டகைக்குள் வேலை செய்யும் தொழிலாளியை நாம் மறந்துவிடக் கூடாது. இன்று பல பண்ணைகளில் அவன் வங்காளதேசத்திலிருந்தோ நேபாளத்திலிருந்தோ மியன்மாரிலிருந்தோ வந்தவன். நாற்றத்தை முதலில் இழுப்பவன் அவன். கடைசியாகப் பேசுபவனும் அவன். 1998 செப்டம்பரில் தொடங்கி 1999 வரை நிப்பா கிருமி பரவியபோது நம் நாட்டில் 265 பேர் நோயுற்றார்கள். 105 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் பன்றிகளோடு நெருங்கி உழைத்தவர்கள். பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. அது வாடையால் வந்த நோயல்ல. ஆனால் பண்ணையில் எது தவறினாலும் முதல் விலை கொடுப்பவன் கூலிக்காரனே என்பதை நாடு அப்போது பார்த்தது. நம் பாட்டன்மாரும் கப்பலேறி வந்தவர்கள்தான். வேலியின் இந்தப் பக்கத்துத் தொழிலாளியும் அந்தப் பக்கத்துத் தொழிலாளியும் ஒரே மனுவில் கையெழுத்திட வேண்டும்.

நாம் கேட்பவை இவை:

1. குறிப்பிட்ட எண்ணிக்கைக்கு மேல் கால்நடை வளர்க்கும் ஒவ்வொரு பண்ணைக்கும், செம்பனை ஆலைக்கு இருப்பதுபோல், காற்றையும் கழிவையும் சேர்த்துக் கட்டுப்படுத்தும் வருடாந்தர லைசென்ஸ் வேண்டும். கேட்டுக்குத் தக்க கட்டணம் வேண்டும்.

2. பண்ணை வேலியோரத்தில் அமோனியாவுக்கும் ஹைட்ரஜன் சல்பைடுக்கும் நாடு முழுவதற்கும் ஒரே உச்ச அளவு வேண்டும். அது ஆண்டுக்கு ஆண்டு இறங்க வேண்டும்.

3. புதிய பண்ணைக்கும் வீடு, பள்ளி, ஆயாக் கொட்டகை ஆகியவற்றுக்கும் இடையே சட்டப்படி தூரம் வேண்டும். லயமும் வீடுதான் என்று அதில் எழுத வேண்டும்.

4. எருவுக்குக் கூரை, குட்டைக்கு மூடி, கொட்டகைத் தரைக்கு உலர்ந்த மரத்தூள், குறித்த நாளில் அகற்றுதல் ஆகியவை கட்டாயமாக வேண்டும். சின்னப் பண்ணையாளருக்குத் தவணையும் குறைந்த வட்டிக் கடனும் கொடுக்கலாம்.

5. முறையீட்டை ஏற்க ஒரே அலுவலகம் வேண்டும். இரவிலும் விடியற்காலையிலும் வந்து அளக்கும் அதிகாரி வேண்டும்.

6. கொட்டகைத் தொழிலாளிக்குக் காற்றோட்டம், மூச்சுக் கவசம், மருத்துவச் சோதனை வேண்டும். வாயுவை அளக்காமல் தொட்டிக்குள் யாரையும் இறக்கக் கூடாது.

சட்டம் வரும் வரை கையைக் கட்டிக்கொண்டிருக்க வேண்டாம். ஒவ்வொரு கிளையும் ஒரு நாற்றப் பதிவேடு வைக்கட்டும். நாள், மணி, காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, மழை பெய்ததா, எத்தனை வீட்டில் சன்னலை மூடினார்கள், யாருக்குத் தலைவலி, யாருக்கு வாந்தி, எந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகவில்லை என்று எழுதி வாருங்கள். கிராணிமார்களே, இது நம் வேலை. நிர்வாகத்துக்காக நாம் எத்தனை பவுண்டு பால், எத்தனை கிலோ ஒட்டுப்பால் என்று தினந்தோறும் பதிகிறோம். நம் மக்களுக்காக ஒரு நோட்டுப் புத்தகத்தில் நாலு வரி பதியக் கூடாதா? மூன்று மாதப் பதிவேட்டை மேசைமேல் வைத்தால், "நாங்கள் வந்த நாளில் வாடை இல்லை" என்று சொல்கிற அதிகாரி கொஞ்சம் யோசிப்பார்.

நாற்பது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்பு, சுகாதாரக் கமிட்டி இருக்க வேண்டும் என்று 1994-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. அந்தக் கமிட்டியில் நம் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். லயத்துக் காற்றை அங்கேயும் எழுப்புங்கள். தோட்ட நிர்வாகமும் அண்டைப் பண்ணைக்கு ஒரு கடிதம் எழுதட்டும். தோட்ட நிலத்தைப் பண்ணைக்குக் குத்தகைக்கு விடுகிற நிர்வாகமாக இருந்தால், குத்தகைப் பத்திரத்திலேயே நிபந்தனை சேர்க்கச் சொல்லுங்கள். கம்பத்துத் தலைவரையும் புதுக்கிராமத்துக் கமிட்டியையும் போய்ப் பாருங்கள். மனு மூன்று மொழியில் போகட்டும். நகலைப் பத்திரமாக வையுங்கள். பதில் வராவிட்டால் மறுபடியும் எழுதுங்கள். எறும்பு ஊரக் கல்லும் தேயும்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு நிகழ்ச்சி நிரல் எழுதும் காரியதரிசிமார்களுக்கு ஒரு வேண்டுகோள். பண்ணைக் காற்றை "இதர விஷயங்கள்" என்பதில் போடாதீர்கள். சம்பளத்துக்கு அடுத்த வரியில் எழுதுங்கள். வீட்டுப் பெண்களையும் கூட்டத்துக்கு அழைத்து வாருங்கள். நாள் முழுதும் அந்தக் காற்றில் சமைப்பவர்களும் பிள்ளை வளர்ப்பவர்களும் அவர்களே. தீர்மானத்தை அவர்கள் முன்மொழியட்டும், நாம் வழிமொழிவோம்.